பர்ஸில் ஒரு சோமாசி

உங்கள் வீட்டிலும் அந்த டப்பா இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பூட்டுத் தொலைந்துபோன சாவி, எந்தச் சட்டைக்கும் ஒத்துவராத பித்தான், குக்கரே போன பிறகும் தப்பிப் பிழைத்த கைப்பிடித் திருகு எல்லாம் அதற்குள் குடியிருக்கும். மிக்ஸியை ரிப்பேர் செய்ய வந்தவர், எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு தரையில் கிடந்ததைப் பார்த்து, "இது எக்ஸ்ட்ராம்மா!" என்று தாராள மனசோடு கொடுத்துவிட்டுப் போன ஆணியும் அங்கேதான் இருக்கும்.

எக்ஸ்ட்ரா! அந்த வார்த்தையைக் கவனித்தீர்களா? துளிப் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிப்பதற்கு ராப்பகலாகக் கணக்குப் போடுகிற கம்பெனிக்காரன், நமக்கு இனாமாக ஓர் ஆணியை உள்ளே வைத்து அனுப்புவானா? ஆனாலும் நாம் தலையை ஆட்டிவிட்டு அதை டப்பாவில் போட்டுவிடுகிறோம். மிக்ஸி ஓடுகிறது, அதற்கு மேல் யோசிப்பானேன்?

நானும் அப்படித்தான் இருந்தேன். 2022-ம் வருஷம், ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், மேல்விஷாரம் என்ற ஊரில், எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் என் கண்ணைத் திறந்துவிட்டார். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்ததனால்தான் இந்தக் கதையே நடந்தது.

* * *

என் கணவருக்கு அம்பாஸடர் கார் என்றால் உயிர். மற்ற ஆண்பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம், கிரிக்கெட் என்று ஒரு பைத்தியம் இருக்குமல்லவா? இவருக்கு இது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அச்சாக வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் செய்ய ஆரம்பித்த வண்டி; 2014 மே மாதத்தோடு செய்வது நின்றுபோயிற்று; அந்தப் பெயரைக்கூட 2017-ல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். இதையெல்லாம் அவர் சொல்லும்போது, ஏதோ தாத்தாவின் சொத்து கைமாறிப்போன மாதிரி தொண்டை கம்மும்.

கடைசியில் ஒருநாள் தாம்பரம் பக்கத்தில் ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. 1977-ல் பிறந்தது, மார்க் 3, பெட்ரோல் எஞ்சின். என்னைவிடப் பத்து வயது மூத்தது. விலை ஒன்றரை லட்சம். என் கைக்கு வளையல் பண்ணுவதற்காக நான் இருபது மாதம் கட்டிய சீட்டுப் பணமும் அதில் சேர்ந்துபோயிற்று என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்த வண்டியில் எனக்கும் பாத்தியதை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் வண்டியின் வெளிப்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார். "உள்ளே யார் துடைப்பது?" என்று கேட்டேன். "எஞ்சினை யாராவது துடைப்பார்களா?" என்றார். அடுப்பின் மேல்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு விட்டுவைக்க எந்தப் பெண்ணுக்காவது மனசு வருமா? பழைய துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு நானே முன்மூடியைத் தூக்கினேன்.

எஞ்சினுக்கு முன்னால், கீழே, குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் போகிறது. அதன் மேல் வருஷக் கணக்கான கிரீஸும் மண்ணும் சேர்ந்து, அல்வாக் கிண்டிய வாணலியின் அடி மாதிரி அப்பியிருந்தது. கரண்டியால் சுரண்டினேன். 'டிக்' என்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று ஒரு சின்ன இரும்புத் துண்டு. புளியங்கொட்டை அளவு. ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் வளைவு. கச்சிதமான பாதி வட்டம்.

"அம்மா, பொம்மைக்குப் பண்ணின சோமாசி!" என்றாள் என் பெண்.

கணவரிடம் காட்டினேன். இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். தெரியவில்லை என்று சொல்ல எந்தக் கணவருக்கு நாக்கு எழும்? "முன்னே வைத்திருந்தவன் எதையாவது போட்டிருப்பான். வண்டிதான் ஜம்மென்று ஓடுகிறதே!" என்றார். அடுத்த வாரம் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றப் போனபோது, நானும் கூடப் போய் அங்கேயும் நீட்டினேன். அந்த மெக்கானிக் அதைக் கையில் கூட வாங்கவில்லை. "இது எக்ஸ்ட்ரா மேடம், தூக்கிப் போடுங்க!" என்றார்.

தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன காரணம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரும்புத் துண்டுதான், ஆனால் அதன் விளிம்பும் முனையும் அத்தனை நேர்த்தியாக இருந்தன. யாரோ அளந்து, கடைந்து, வேண்டுமென்றே செய்த பொருள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு காகிதத்தில் மடித்துப் பர்ஸில், சில்லறை வைக்கிற அறையில் போட்டுவைத்தேன்.

* * *

ஐப்பசி பிறந்தது. என் அம்மாவுக்கு இருதயக் கோளாறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலூருக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டவேண்டும். பஸ்ஸில் உட்கார அவளால் முடியாது. "நம்ம வண்டியின் பின் சீட்டில் படுத்துக்கொண்டே போகலாம்" என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். அதுவும் உண்மைதான். அம்பாஸடரின் பின் சீட்டு, சீட்டா அது? திண்ணை!

போகும்போது ஒரு குறையும் இல்லை. டாக்டர் பார்த்தார், மாத்திரையை மாற்றினார், "அலைச்சலும் பதற்றமும் கூடாது" என்று நூறு முறை சொல்லி அனுப்பினார். வேலூரை விட்டுக் கிளம்பும்போது மணி ஐந்தரை இருக்கும். மழை பிடித்துக்கொண்டது.

ரத்தினகிரிக் கோவில் மலையைத் தாண்டும்போது, வண்டியின் முன் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு சமயம் கண் சிமிட்டும். அன்று விடாமல் எரிந்தது.

"இது என்ன?"

"பழைய வண்டி. அப்படித்தான் எரியும்."

கொஞ்ச தூரம் போயிருப்போம். கண்ணாடியில் மழை துடைக்கிற கைகள், வயதான கிழவர்கள் மாதிரி ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்து நகர்ந்தன. ஒரு லாரிக்காக அவர் ஹாரனை அழுத்தினார். சளி பிடித்த குரலில் முனகிற்று. பிறகுதான் எனக்கு வயிற்றில் பகீரென்றது. முன் விளக்குகளின் வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து அரிக்கேன் விளக்கின் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே போகும் நெடுஞ்சாலை அது. பின்னாலும் பக்கத்திலும் மலை மலையாக லாரிகள். நாங்கள் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"அம்பது கிலோ மீட்டர் வேகத்தில் மெதுவாகப் போனால் காஞ்சிபுரம் போய்விடலாம்" என்றார் கணவர்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தாள். என் பெண் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். மேல்விஷாரத்தில் திருப்புங்கள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். திருப்பிவிட்டார்.

* * *

மேல்விஷாரம் என் கல்லூரித் தோழியின் ஊர். பாலாற்றங்கரையில், ஆற்காட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. பார்த்தவுடன் சாதாரண ஊராகத்தான் தெரியும். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளுகிற தோல் சீமையில் இதற்குத் தனி இடம் உண்டு. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே சித்தீக் சராய் என்ற பெரிய சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிவைத்த சி. அப்துல் ஹக்கீம் இந்த ஊர்த் தோல் வியாபாரிதான். அவர் பெயரில் 1965-ல் ஆரம்பித்த கல்லூரி இன்றும் இங்கே நடந்து வருகிறது.

தோழியின் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, எஞ்சின் தானாகவே ஒரு விக்கல் விக்கி அடங்கியது. இன்னும் ஐந்து நிமிஷம் சாலையில் இருந்திருந்தால்? நினைத்துப் பார்க்க இப்போதும் பிடிக்கவில்லை.

"அடி, நீயா! இந்த மழையிலா!" என்று ஓடிவந்தாள் தோழி. அவள் அம்மா வந்து என் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். "மொதல்ல படுங்க. அப்புறம் பேசலாம். மாத்திரை வேளை எப்போ?" என்று அவர் கேட்ட கேள்வியிலேயே என் பாதிக் கவலை போய்விட்டது. எங்கள் அம்மா மரக்கறிக்காரி என்று தெரிந்தவுடன் தனியாக ஒரு புதுப் பாத்திரத்தில் மிளகு ரசம் கொதிக்க ஆரம்பித்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தோழியின் நன்னா, அதாவது தாத்தா, கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். ஐம்பது வருஷம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ஃபிட்டராக இருந்தவர். தோல் என்றால் தோலை மட்டும் நினைக்காதீர்கள். ஆட்டுத்தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பில் போட்டு, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதப்படுத்துவதற்கு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பெரிய மர டிரம்கள் இருக்கின்றன. மோட்டாரும் புல்லியும் பல்சக்கரமும் அவற்றை மெதுவாக, ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். டிரம் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கிற தோல் ஓரிடத்தில் சாயமும் ஓரிடத்தில் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாகிக் கெட்டுப்போகும். அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

"வெளக்கு மங்கிச்சுன்னா கரண்டு வரலே, கரண்டு வரலேன்னா டைனமோ ஓடலே" என்று சொல்லிக்கொண்டே டார்ச் விளக்கோடு வந்தார். கணவர் முன்மூடியைத் தூக்கினார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். எஞ்சின் முன்னால் ஒரு ரப்பர் பெல்ட் சுற்றுகிறது. அது மூன்று சக்கரங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒன்று எஞ்சினுடைய அச்சு. இரண்டாவது ரேடியேட்டர் தண்ணீரை ஓடவைக்கிற பம்ப்பும் விசிறியும். மூன்றாவது டைனமோ, அதாவது மின்சாரம் உண்டாக்குகிற உருளை. டைனமோ சுற்றினால் பேட்டரிக்குச் சாப்பாடு. சுற்றாவிட்டால் பேட்டரி தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டே வந்து ஓட்டாண்டியாகிவிடும். அந்தச் சிவப்பு விளக்கு வேறு ஒன்றும் இல்லை. 'வரவு இல்லை, செலவு மட்டும்தான்' என்று வீட்டுக்காரி போடுகிற கூச்சல்!

"பெல்ட்டு அறுந்திருக்கணும்" என்றார் கணவர். டார்ச் அடித்துப் பார்த்தால் பெல்ட் முழுசாக இருந்தது. இறுக்கமாகவும் இருந்தது.

"பின்னே டைனமோவே எரிஞ்சு போயிருக்கும். புதுசு போடணும்" என்றார் கணவர்.

நன்னா பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் திடீரென்று நினைவு வந்தது. பர்ஸைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, அந்தச் சோமாசியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதை டார்ச் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார்:

"எங்கேம்மா கெடைச்சுது?"

நான் குனிந்து, விரலால் தொட்டுக் காட்டினேன். "இந்தச் சட்டத்தின் மேலே. இதோ, இந்த இடத்தில்."

அவர் என் விரலிலிருந்து நேர் மேலே டார்ச்சை உயர்த்தினார். வெளிச்சம் டைனமோவின் சக்கரத்தில் போய் நின்றது.

* * *

"இதுக்குப் பேரு ஹாஃப்மூன் கீ. அரைச் சந்திரச் சாவி" என்றார் நன்னா. புத்தகத்தில் இதற்கு உட்ரஃப் கீ என்று பெயராம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் உட்ரஃப் என்பவர் கண்டுபிடித்தது. பூட்டுத் திறக்கிற சாவி அல்ல இது, பூட்டிவைக்கிற சாவி. அச்சில் அரைவட்டமாக ஒரு குழி தோண்டியிருப்பார்கள். சாவியின் வளைந்த பக்கம் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். நேரான பக்கம் மட்டும் வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். சக்கரத்தின் துவாரத்தில் ஒரு காடி வெட்டியிருக்கும். சக்கரத்தை அச்சில் நுழைத்தால், துருத்திய சாவி அந்தக் காடிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் சுற்றினால் அச்சும் சுற்றியே ஆகவேண்டும்.

"அத்தனை பெரிய டிரம்மு இருக்கே, அதையும் அச்சையும் ஒண்ணாச் சுத்தவைக்கிறது எது? இந்த மாதிரி ஒரு சாவிதான்" என்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு கெட்டிக்கார வைத்தியர் நாடி பார்ப்பது போல, ஒவ்வொரு சந்தேகமாக விலக்கிக்கொண்டே வந்தார்.

"இந்த எஞ்சின் மொகத்துலே இதுக்கு மூணு வீடு இருக்கு, மாப்பிள்ளே. ஒண்ணு கிராங்க் அச்சு. ரெண்டாவது, வால்வைத் தூக்கிவிடுற கேம் அச்சு. மூணாவது டைனமோ. இது எந்த வீட்டுப் புள்ளே?"

கேம் அச்சின் சாவி மூடிக்கு உள்ளே இருக்கிறது; அந்த மூடியைக் கழற்றாமல் அது வெளியே விழவே முடியாது. கிராங்க் அச்சு தடிமன். அதற்கு இதைவிடத் தடித்த சாவி வேண்டும். அதோடு, அந்தச் சாவி இல்லாமல் போனால் எஞ்சினின் தாளமே தப்பிப்போய், வண்டி வேலூர் வரை வந்திருக்காது. இது விரல் கனத்து அச்சுக்கு உரிய சாவி. கிடைத்த இடமோ டைனமோவுக்கு நேர் கீழே. கெட்டிருப்பதும் டைனமோவின் வேலை.

"அப்போ, இது இன்னிக்கு ஒடைஞ்சு விழுந்ததா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லே. ஆயுத பூஜைக்கே இவர் கையிலே கிடைச்சுடுத்தே" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

நன்னா சிரித்தார். "அதுவும் சரி. இன்னொண்ணும் பாரும்மா" என்று சாவியின் விளிம்பை என் விரலால் தடவச் சொன்னார். முனைகள் புதுக் கத்தி மாதிரிக் கூராக இருந்தன. "பாரம் தாங்காம அறுந்த சாவியிலே படி மாதிரித் தழும்பு விழுந்திருக்கும். இதுலே ஒரு கீறல் இல்லே. இது அறுந்து விழலே. யாரோ கைதவறிக் கீழே போட்டிருக்கான். தேடியிருப்பான், கிரீஸுக்குள்ளே போயிடுச்சு. கெடைக்கலே. அப்படியே மூடிட்டான்."

"சாவி இல்லாமல் இத்தனை நாள் எப்படி ஓடியது?"

"அதைத்தான் இப்போ பாக்கப்போறோம்."

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். டைனமோ அச்சின் நுனியில் உள்ள நட்டை ஸ்பேனரால் அசையாமல் கணவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னிடம், "சக்கரத்தைத் திருப்பும்மா" என்றார். திருப்பினேன். அச்சு கொஞ்சமும் அசையவில்லை. சக்கரம் மட்டும் வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்தது. அதாவது, பெல்ட் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சக்கரம் அச்சைச் சுற்றவில்லை. உள்ளே டைனமோ சும்மா உட்கார்ந்திருந்தது.

நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவினார்கள். அச்சில் இருந்த அரைவட்டக் குழிக்குள், சாவி இருக்க வேண்டிய இடத்தில், சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிய ஒரு சின்ன ஆணித் துண்டு கிடந்தது. நடுவில் இரண்டாக அறுந்திருந்தது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

சாவியைத் தொலைத்த மனிதர், ஓர் ஆணியை வைத்து ஒப்பேற்றிவிட்டிருக்கிறார். ஆணியும் பாவம், நட்டின் இறுக்கத்தை நம்பிக்கொண்டு இத்தனை நாள் தம் கட்டியிருக்கிறது. விளக்கு, துடைப்பான், ஹாரன் எல்லாம் ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்ட மழை இரவில், டைனமோ மேல் பாரம் ஏறி, ஆணி அறுந்துவிட்டது. "இப்படியே ஓட்டியிருந்தா, நட்டும் தளந்திருக்கும். சக்கரம் கழண்டு, பெல்ட்டும் போயிருக்கும். பெல்ட்டு போனா தண்ணிப் பம்ப்பு நிக்கும், எஞ்சின் கொதிச்சுப்போகும். அதுக்கு முன்னாடியே பேட்டரி தீந்து, நடுரோட்டிலே விளக்கே இல்லாம நின்னிருப்பீங்க" என்று நன்னா சொன்னபோது, என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காஞ்சிபுரம் வரை மெதுவாகப் போகலாம் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நன்னா நட்டை என் கையில் கொடுத்து, "சாவியை நீயே வைம்மா. நீதானே காப்பாத்தி வச்சே" என்றார். வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பிள்ளை தாய் மடியில் உட்காருவது போல, அந்தச் சோமாசி குழிக்குள் போய் 'நச்'சென்று உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தை ஏற்றி, வாஷர் போட்டு, நட்டை முடுக்கினார்கள். பெல்ட்டைப் பூட்டி, நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிற அளவு இறுக்கம் வைத்தார்கள்.

* * *

அன்று இரவு அங்கேயே தங்கினோம். அம்மா ரசம் சாதம் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, தோழியின் அம்மாவோடு சர்க்கரை வியாதியைப் பற்றி ரொம்ப நேரம் பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். மற்றவர்களுக்கு ஆற்காட்டு மக்கன் பேடா. அதைச் சாப்பிட்டவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. சாப்பிடாதவர்களுக்கு வர்ணித்துப் பயனில்லை.

நான் நன்னாவோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரி அல்லவா, கேள்வி கேட்கிற வியாதி உண்டு. பாலாற்று மணலைத் தோண்டினால் தண்ணீர் சுரந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு தொழிற்சாலைக் கழிவு கிணறுகளில் இறங்கியது; 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஐந்து மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு பதனிடும் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது; சுத்திகரிப்பு இல்லாமல் தொழில் நடத்தக்கூடாது என்றது. "சின்னது, யார் பாக்கப்போறா, அப்படீன்னு விட்டதுதாம்மா கடைசியிலே ஆத்தையே கெடுத்துச்சு" என்றார் பெரியவர். அவர் டைனமோவைப் பற்றிப் பேசினாரா, ஊரைப் பற்றிப் பேசினாரா என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை.

சென்னை திரும்பிய பிறகு படித்த ஒரு சம்பவத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1990 ஜூன் 10-ந் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு விமானம் 17,000 அடி உயரத்தில் பறக்கையில், விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விமானியின் பாதி உடம்பு வெளியே! கூட இருந்தவர்கள் அவர் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். ஆச்சரியமாக, அவர் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? முந்தின நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். புத்தகத்தைப் பார்க்காமல், கண் அளவில் 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று எடுத்துப் போட்ட 90 போல்ட்டுகளில் 84, இருக்க வேண்டியதைவிட மெல்லியவை. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

முக்கால் மில்லிமீட்டர்! ஆணிக்குப் பதில் சாவி, சாவிக்குப் பதில் ஆணி என்பதெல்லாம் சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: பழைய வண்டியிலோ, தையல் மிஷினிலோ, கிரைண்டரிலோ, இன்னதென்று தெரியாத துண்டு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்த இடத்தில், என்றைக்குக் கிடைத்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதிலேயே மடித்துவையுங்கள். ரிப்பேர்க்காரரிடம் "இது எதற்கு?" என்று மட்டும் கேட்டால், "எக்ஸ்ட்ரா" என்ற பதில்தான் வரும். "இது இருக்க வேண்டிய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதில் போகப் போவது நம் வீட்டு மனிதர்கள் அல்லவா?

மறுநாள் காலையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து வண்டியைத் தள்ளினார்கள். எஞ்சின் இருமிவிட்டுக் கிளம்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கணவர் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினார். விளக்கு அணைந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த நன்னா, "வரவு வந்துடுச்சும்மா!" என்றார். கூலி என்று எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் பிஸ்கட் டப்பாவைத் தாமாகவே எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதில் உள்ள ஒவ்வொரு சாமானும் எதற்குச் சொந்தம் என்று ஆராய ஆரம்பித்தார். மிக்ஸியின் 'எக்ஸ்ட்ரா' ஆணி, அதன் அடித்தகட்டில் காலியாக இருந்த துவாரத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மிக்ஸி ஆடுவதில்லை.

அந்தப் பழைய இடத்தில் இப்போது இரண்டாக அறுந்த ஓர் ஆணித் துண்டு இருக்கிறது. அடுத்த தடவை யாராவது "எக்ஸ்ட்ரா மேடம்!" என்றால் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு வளையல் உண்டு என்று கணவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கும் அந்த ஆணிதான் சாட்சி.